கஞ்சிக் கொட்டாய்க்கு நிதி கேட்டு நான் எழுதிய பொய்

என் வாய்க்குச் சரியான வாயாக இருந்த வசந்தாக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நம் வீட்டுக்கு மூத்த மருமகள் நீ, இளையவள் நான். எத்தனை சண்டை போட்டிருப்போம்! இப்போது சண்டைக்கு ஆளில்லாமல் இன்டர்நெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். அதை முதலிலேயே சொன்னால் மேலே படிக்காமல் எழுந்து போய்விடுவாய் என்பதால் பிறகு சொல்கிறேன்.

முதல் செய்தி, கோரிமேட்டில் நம் கஞ்சிக் கொட்டாய் இருந்த மனையை விற்றுவிட்டார்கள். பங்குனி முடிவதற்குள் காலி செய்யச் சொன்னார் மனைக்காரர். அவர்மேல் குறையில்லை, இத்தனை வருஷம் சும்மா விட்டாரே. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வேறு இடம் பிடிக்க முன்பணம் வேண்டும், வாடகை வேண்டும். மீன் விற்கிற ஆறு பொம்பளைகளும் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற நானும் அதற்கு எங்கே போவோம்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், நீ கோபித்துக்கொள்ளாதே. எங்கள் மாமனார் கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தபோது கூட இருந்தவள் இவள்தான். கள்ளக்குறிச்சியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் விடிகாலை பஸ் ஏறி வந்தவர்கள், நோயாளியை உள்ளே அனுப்பிவிட்டு மத்தியானம் வரை ஒரு பன்னோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மாமனார் வீடு திரும்பிய மறுநாளே வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு குண்டான் கஞ்சியும் கருவாட்டுக் குழம்பும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். பன்னிரண்டு வருஷம் அது நிற்கவில்லை.

அதற்கு நீ வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவன் யாராக இருந்தாலும் அவனுக்கு ஒரு பிடி மீன் உண்டு, பேர் ஊர் கேட்க மாட்டோம். அது நம் குப்பத்து வழக்கம். கொட்டாய்க்கும் அதையே வைத்தாய். சாப்பிட வருகிறவர் வெங்காயம் உரிக்கலாம், தண்ணீர் பிடிக்கலாம், குண்டான் கழுவலாம். ஏதாவது ஒன்றில் கை வைத்தால் தட்டு எடுக்கலாம். முடியாதவர்கள் உட்கார்ந்து குழந்தைக்கு விசிறினாலும் போதும். அதனால் நம் கொட்டாயில் யாரும் தலையைத் தொங்கப் போட்டுச் சாப்பிட்டதில்லை.

சரி, நிதிக்கு வருகிறேன். ஊருக்கே ரேஷன் கார்டுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவள் நான். எனக்கா ஒரு விண்ணப்பம் பெரிது என்று திமிரோடு உட்கார்ந்தேன். 'நிதி வாய்ப்புகள்' என்று தேடினால் கொட்டுகிறது அக்கா. வாரா வாரம் மெயில் வருகிறது: இந்த வாரம் உங்கள் அமைப்புக்கான பதினான்கு வாய்ப்புகள்! திறந்தால் பெயர் மட்டும் தெரியும். கடைசித் தேதியும் முகவரியும் தெரிய வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். கையில் காசில்லாதவளிடம் காசு கிடைக்கும் இடத்தைச் சொல்லக் காசு கேட்கிற மூளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த மூளையோ.

கட்டினேன். பதினான்கில் ஒன்று முப்பத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. ஒன்று மலைப்பகுதிக்கு. ஒன்று கடல் ஆமைக்கு. ஆமைக்கு நல்லது நடக்கட்டும், எனக்கு அதன்மேல் ஒரு கோபமுமில்லை. நம் கொட்டாய்க்கு ஆமை சாப்பிட வராதது நம் குறைதான். மற்றவை எல்லாம் மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கு கேட்டன. அதாவது ஏற்கனவே பணம் வாங்கியவர்களுக்குத்தான் பணம். நம் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா இருக்கிறாரே, அவர் பாவம், பிரான்சில் ஒரு சங்கத்துக்கு அழகாகப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டுப் பணம் வாங்கத் தனி அனுமதி வேண்டும், அதைக் கேட்பதற்கே மூன்று வருஷம் வேலை செய்த காகிதம் வேண்டும் என்று தெரிந்தபோது அவரே "மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் ஊர் பேர் சொல்ல வேண்டாத ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளை கிடைத்தது. படிவம் இருபத்திரண்டு பக்கம். உங்கள் திட்டத்தின் புதுமை என்ன? கஞ்சியில் என்னடா புதுமை? உங்கள் வெளியேறும் திட்டம் என்ன, அதாவது எப்போது இதை நிறுத்துவீர்கள்? 'ஜனங்களுக்கு நோய் வராமல் போனதும்' என்று எழுதினேன். குசும்புக்கு எழுதவில்லை, நிஜமாகவே வேறு பதில் தெரியவில்லை.

அடுத்த பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்றில் பயனாளிகள் எத்தனை பேர், மற்றதில் தன்னார்வலர்கள் எத்தனை பேர். நான் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையைப் போட்டேன். சாப்பிட்டவர்கள்தானே வேலையும் செய்தார்கள்! இதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு அம்மா போன் செய்தார்.

"மேடம், ரெண்டு கட்டத்துலயும் சேம் ஃபிகர் போட்டிருக்கீங்க. டபுள் கவுண்டிங் ஆகுது. இதை நாங்க மோசடின்னுதான் எடுத்துக்கணும்."

"மோசடியா? அவங்கதாம்மா கழுவுறாங்க, அவங்கதான் சாப்புடுறாங்க. நீங்க ஒங்க வூட்ல சமைச்சா, சமைச்சது ஒருத்தர் சாப்புடறது ஒருத்தரா?"

"அது வேற மேடம். உதவி வாங்குறவங்க வேலை செஞ்சா அது கூலி ஆயிடும். பாலிசில இடமில்ல."

கேட்டாயா? பன்னிரண்டு வருஷம் நீ கட்டிக் காத்தது அவர்கள் பாலிசியில் ஒரு மோசடி. போனை வைத்துவிட்டு, உன் வார்த்தையில் இரண்டைச் சுவரைப் பார்த்துச் சொன்னேன். கடையில் இருந்த வாடிக்கையாளர் எழுந்தே போய்விட்டார்.

அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஆலோசகர் ஒருவரைப் பிடித்தேன். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, பேச்சுக்குப் பேச்சு 'இம்பாக்ட்'. அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டேட்டா ஓகே மேடம். கதை இல்லையே. உங்க ஃபவுண்டர் எப்படி இறந்தாங்க?"

"மாரடைப்பு. மீன் ஏலத்துல நின்னுக்கிட்டிருந்தாங்க."

"ஆஸ்பத்திரில இல்லியா? பசி, வறுமை, அந்த மாதிரி எதுவும்?"

இங்கேதான் அக்கா, உன் காலில் விழ வேண்டிய இடம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். என் விரல், என் கம்ப்யூட்டர். 'எழுத்தறிவற்ற ஏழை மீனவப் பெண் வசந்தா, சிகிச்சைக்கு வழியின்றி, ஆஸ்பத்திரி வாசலில் பசியோடு உயிர்விட்டார். அவர் கண்ணீரில் பிறந்ததே இந்தத் திட்டம்.' எழுதிவிட்டேன். நீ பசியோடு செத்தாயாம்! காலையில் நான்கு இட்லி தின்றுவிட்டு, காதில் தோடு மின்ன, வஞ்சிரத்துக்கு விலை குறைத்துக் கேட்ட வியாபாரியின் பரம்பரையையே இழுத்துக்கொண்டிருக்கும்போது, பாதி வசவில் சாய்ந்தவள் நீ. எட்டாவது படித்தவள். தினம் பேப்பரில் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு எனக்கே அரசியல் சொல்வாய். எழுத்தறிவற்றவளாம். தூ, என்னைச் சொல்கிறேன்.

பொய் வேலை செய்தது. அதே அறக்கட்டளைக்குத் திருத்தி அனுப்பியதும், ஆய்வுக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தது. தன்னார்வலர்களுக்கு மஞ்சள் டீ-ஷர்ட், பயனாளிகளுக்குக் கழுத்தில் அட்டை, இருவரும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்றார் ஆலோசகர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஆய்வு நாளன்று கொட்டாயில் ஒரு பொம்பளை இருந்தாள். சின்னசேலம் பக்கம். மகன் வார்டில் இருந்தான். நான்கு நாளாகப் பெரிய குண்டானை அவள்தான் கழுவினாள், யாரையும் கிட்டே விடமாட்டாள். அன்றும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

நான் தடுத்தேன். "நீ இன்னைக்கு அத தொடாத. இந்த அட்டைய மாட்டிக்கிட்டு அங்க ஒக்காரு. படம் எடுக்க வர்றாங்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அட்டையைப் பார்த்தாள், மஞ்சள் டீ-ஷர்ட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, நேத்து வரைக்கும் வேலையில கை வச்சி சாப்புட்டேன். இன்னைக்கு கை நீட்டி சாப்புடச் சொல்றியா?"

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். எதிர் டீக்கடையில் ஒரு பன் வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றாள். அதற்குள் கார் வந்துவிட்டது. ஆய்வுக்கு வந்த அம்மாவுக்கு எல்லாம் பிரமாதமாகப் பிடித்துப்போயிற்று. கஞ்சி மட்டும் ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். எனக்கு அவரைப் பார்த்தால் எரிந்தது, ஆனால் சிரித்துக்கொண்டே நின்றேன். அந்தச் சின்னசேலத்துக்காரி அதற்குப் பிறகு வரவே இல்லை. வார்டு வார்டாகத் தேடினேன், அவள் பெயர் தெரியாமல் யாரிடம் என்னவென்று கேட்பது?

நிதி அனுமதி ஆகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு. கடைக்குள்ளேயே கத்திவிட்டேன். கூடவே ஒரு நிபந்தனை, புது இடத்தின் வாசலில் ஆறடிக்குப் பலகை வைக்க வேண்டும். கம்பெனி சின்னம், உன் படம், அதன்கீழே நான் எழுதிய அந்தக் கதை. மாதிரியை அனுப்பியிருந்தார்கள், அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் வீட்டுக்காரர் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்ய வந்தார்.

நீ போன பிறகு குண்டானைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி இறக்குவது அவர்தான், தெரியுமா? ஒரு நாள் தவறியதில்லை. உன் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"வசந்தாவா பசியில செத்தா?"

நான் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"இத எழுதுனது யாரும்மா?"

"நான்தான் மாமா. இப்பிடி எழுதுனாத்தான் பணம் வரும்னாங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "அப்போ வையி. கஞ்சி வேகணுமில்ல. ஆனா அந்த வாசல்ல நான் வர மாட்டேன். பொண்டாட்டிய பட்டினி போட்டுக் கொன்னவன்னு என்னைப் பாத்து நாலு பேரு நெனைப்பான்."

ரீசார்ஜ் செய்யாமலே போய்விட்டார்.

எனக்கு அது வரை ஒரு தடவை கூட அவர் ஞாபகம் வரவில்லை அக்கா. உன்னை ஏழையாக்கினேன், படிக்காதவளாக்கினேன், நீ செத்துவிட்டாய், உனக்கு என்ன என்று நினைத்தேன் போலிருக்கிறது. உன்னோடு முப்பது வருஷம் வாழ்ந்த மனுஷனைக் கொலைகாரனாக்கியிருக்கிறேன் என்பது உறைக்கவே இல்லை. இவ்வளவு நேரம் அந்த ஆலோசகரையும் போன் அம்மாவையும் திட்டினேனே, அவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். எழுதியது நான்.

அன்றைக்கே மெயில் போட்டேன். 'எங்கள் வசந்தா பசியால் சாகவில்லை. வஞ்சிரத்துக்கு விலை பேசும்போது செத்தார். எங்களிடம் பயனாளி என்று யாரும் இல்லை. இதைத் திருத்திக்கொண்டு பணம் கொடுக்க முடியுமானால் கொடுங்கள்.' இரண்டு நாளில் பதில் வந்தது. தகவல்களில் முரண்பாடு இருப்பதால் அனுமதி ரத்து செய்யப்படுகிறது, எங்கள் வருங்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள். வாழ்த்தை எடுத்து அடுப்பில் வைக்கலாமா என்று பார்த்தேன்.

ஆக, கொட்டாய் போய்விட்டது. பங்குனிக் கடைசி நாளில் நாங்களே ஓலையைப் பிரித்தோம். இப்போது கருவடிக்குப்பத்தில் என் கடைக்குப் பின்னால் கஞ்சி காய்ச்சுகிறோம். அங்கிருந்து ஆட்டோவில் கொண்டுபோய் பஸ் ஸ்டாப் பக்கம் மர நிழலில் வைக்கிறோம். மழை வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. முன்போல வாரத்தில் ஏழு நாளும் முடியவில்லை, நான்கு நாள்தான் முடிகிறது. மற்ற மூன்று நாளும் அவர்கள் பன்னோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன், நான் செய்தது சரிதானா என்று அந்த மூன்று நாளும் எனக்குச் சந்தேகம் வருகிறது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பலகையை வைத்துத் தொலை, நாலு வயிறு நிறையட்டும் என்றிருப்பாயோ?

முதல் நாள் உன் வீட்டுக்காரர் மரத்தடிக்கு வருவாரா மாட்டாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டோ வந்து நின்றதும் பின்னாலேயே சைக்கிளில் வந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குண்டானை இறக்கிவைத்தார். வரிசையில் நின்ற ஒரு ஆள், "இது எந்த டிரஸ்டுங்க?" என்று கேட்டான்.

உன் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டிரஸ்டெல்லாம் இல்ல. என் பொண்டாட்டி."

அக்கா, இனி உன்னைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளது உள்ளபடி சொல்வேன். வாய்க்காரி, கோபக்காரி, நன்றாகச் சாப்பிட்டு நன்றாக வாழ்ந்தவள் என்று சொல்வேன். அதற்குச் சல்லிக்காசு பெயராவிட்டாலும் அதைத்தான் சொல்வேன். இது சத்தியம்.

பன்னிரண்டு வருஷமும் உன்னோடு மல்லுக்கு நின்று, உனக்குத் தெரியாமல் ஒரே ஒரு முறை உன்னைக் காட்டிக்கொடுத்த,
உன் ஓரகத்தி
கலாவதி