எல்லாக் கட்டத்திலும் டிக்

பிப்ரவரி 3, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்குச் சாதகமாகவும் எழுத மாட்டேன். (இந்த முதல் வரியையே அழகாக வரவேண்டும் என்று இரண்டு முறை திருத்தினேன். அதுவும் உண்மைதானே, எழுதிவிட்டேன்.)

அப்பா படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி அறுப்பவர். ஐந்து வருடமாக அவருக்கு நாள்பட்ட இரத்தப் புற்றுநோய். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும் நோய். அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் மாலை வேலை என்பதால் மாத்திரை என் பொறுப்பு. எட்டாம் வகுப்பிலிருந்து, இரண்டு வருடமாக, அட்டவணை போடுகிறேன். நீலக் கோடு, சிவப்பு டிக். அறிவியல் டீச்சர் அதை வகுப்பில் தூக்கிக் காட்டினார். டாக்டரம்மா என்னைக் கிளார்க்கம்மா என்றுதான் கூப்பிடுவார்.

பிப்ரவரி 10, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நோய் திரும்பிவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று எழுத முடியாததை எழுதுகிறேன்.

"நடுவுல மாத்திரை விட்டுப்போச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். அப்பா என் அட்டவணையை மேசைமேல் விரித்தார். "பாருங்க டாக்டர், என் பொண்ணு எழுதினது. ஒரு நாள் தப்பல."

டாக்டரம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா போட்டும் நோய் ஏறுதுன்னா, இந்த மருந்து இனிமே கேக்கலைன்னுதான் அர்த்தம்."

பிறகு இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, இதைவிட வலுவான மாத்திரை. அதில் ரத்தக் குழாய் அடைத்து மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். இன்னொன்று, சித்தப்பாவின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் அதை அப்பாவுக்கு ஏற்றுவது. நோயே போய்விடலாம். ஆனால் புதிதாக வந்த அணுக்கள் அப்பாவின் உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்கலாம். அதில் உயிர் போனவர்களும் உண்டு.

"ரெண்டுல எது டாக்டர் ஆபத்து கம்மி?" என்றாள் அம்மா.

"ரெண்டுமே லேசுப்பட்டது இல்லம்மா. வேற வழி இருந்தா நான் இதுக்குப் போகவே மாட்டேன்."

நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கையெழுத்து நன்றாக இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை.

பிப்ரவரி 15, சனி

சரி. எழுதிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் அப்பா மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டேன். அப்புறம் கதைப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே "போட்டாச்சாப்பா?" என்பேன். "ஆச்சு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அப்புறம் அதையும் கேட்கவில்லை. போன வருடத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் சேர்த்து டிக் போட்டேன். சில சமயம் திங்களுக்கும் முன்கூட்டியே. ஒரு கட்டம் காலியாக இருந்தால் பல் விழுந்த வாய் மாதிரி அசிங்கமாக இருக்கும் என்று தோன்றியது — அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றுமே இல்லை. அப்பா நிஜமாகவே போட்டாரா? எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 17, திங்கள்

அப்பா மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். கொண்டுபோய்க் கொடுக்கக் கடைக்குப் போனேன். மேசையில் ஆளுயரக் கண்ணாடி. பாதி அறுத்தபடி நின்றிருந்தார். விரல்கள் அறுப்பானைப் பற்றியபடியே மடங்கி இறுகியிருந்தன. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். என்னைப் பார்த்ததும், "என்ன கண்ணு" என்று சிரித்தார்.

துடைக்கிற துணி எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். ஆணி டப்பாவில் மாத்திரைகள். அட்டையிலிருந்து பிரித்துப் போட்டவை.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "அது போட்டா மறுநாள் கை இழுத்துக்குது. பெரிய கண்ணாடி இருந்தா முந்தின நாள் போட மாட்டேன். முதலாளிக்குத் தெரிஞ்சா என்னை மேசைகிட்டயே விடமாட்டார்."

"அப்ப டாக்டர்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"நீதான் எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டு வெச்சிருந்தியே. உன்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்றியா?"

அவர் என்னைக் காப்பாற்றினாரா, என்னை வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா? நான் மட்டும் யோக்கியமா என்ன.

பிப்ரவரி 20, வியாழன்

சித்தப்பா லீவு போட்டு வந்து மஜ்ஜை பொருத்தத்துக்கு ரத்தம் கொடுத்தார். "என்னோடது உங்கப்பாவுக்குள்ள போச்சுன்னா, அப்புறம் அண்ணனும் என்னை மாதிரி குறட்டை விடுவாரு பாரு" என்றார். அம்மாகூடச் சிரித்தாள். பத்து நாளைக்கு அப்புறம். நானும் சிரித்தேன். சிரிக்கிறேனே, எனக்கு வெட்கமே இல்லையா?

பிப்ரவரி 24, திங்கள்

இன்று முடிவு சொல்ல வேண்டிய நாள். டாக்டரம்மா வலுவான மாத்திரைக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார். நான் ஆணி டப்பாவைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அப்பாவைக் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"டிக் எல்லாம் பொய் டாக்டர். நான் பாக்காமலே போட்டேன்."

"எத்தனை நாள்?"

"தெரியாது."

அப்பா தலை நிமிராமலே கை இழுப்பதைச் சொன்னார். டாக்டரம்மா பேனாவை மூடினார். என்னைத் திட்டவில்லை. அப்பாவிடம்தான் சொன்னார்: "கை இழுத்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, அதுக்கு வழி இருக்கே. இந்த அட்டவணையைப் பாத்து உங்களுக்கு இதயத்தைக் கெடுக்கிற மருந்து எழுதப் போனேன்."

பழைய மாத்திரையையே ஒழுங்காகப் போட வேண்டும். மருந்துக்கு மசியாத மாதிரி அணுக்களில் மாற்றம் வந்திருக்கிறதா என்று தனிப் பரிசோதனை. மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அப்போதும் மருந்து கேட்காவிட்டால் திரும்பவும் அந்த இரண்டு வழிதான்.

பேருந்தில் அம்மா எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா காலை வேலைக்கு மாற்றிக்கொண்டாள். மாத்திரை இனி அவள் கையில். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. "சாப்பிடு", "கதவைச் சாத்து", அவ்வளவுதான்.

மே 26, திங்கள்

அணுக்களில் மாற்றம் இல்லை என்பது முன்பே தெரியும். இன்று நோய் அணுக்களின் எண்ணிக்கையும் இறங்கியிருக்கிறது. பாதிக்கும் கீழே. வேறு மருந்து இப்போதைக்கு வேண்டாம், சித்தப்பாவும் வேண்டாம்.

அப்பாவே முதலாளியிடம் சொல்லிவிட்டார். கண்ணாடி அறுக்க வேறு ஆள் வந்தாயிற்று. அப்பா இப்போது மரச் சட்டங்களுக்கு உப்புத்தாள் தேய்க்கிறார். இன்று வீட்டுக்கு வந்ததும் விரல் இழுத்துக்கொண்டது. நான் பிடித்து நீவிவிட்டேன். "அந்தாளு நல்லாத்தான் அறுக்கிறான்" என்றார். நான் அடுத்த விரலைப் பிடித்தேன்.

அம்மா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "கட்டை விரலையும் நீவுடி" என்றாள். பிறகு வாசல் விளக்கை அணைத்துவிட்டாள்.