கடல் வரைக்கும் அம்மா ஓட்டினார்

மத்திகிரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

மோகனப்ரியா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். புனேயில் மழை விட்டதா? கேன்டீன் சப்பாத்தி இன்னும் அட்டை மாதிரிதான் இருக்கிறதா? போனில் கேட்டால், "சரி, அப்பறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்தது. தமிழும் உயிரியலும் நன்றாக எழுதினேன். இயற்பியலைப் பற்றி விடைத்தாள் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

தளி ரோட்டுக் கம்பெனியில் அம்மாவை வேன் ஓட்டக் கூப்பிட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிந்த பெண்களை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட, பெண் டிரைவர்களையே தேடுகிறார்கள். அதை அம்மா சொன்ன அன்று நீங்கள் பேசியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "மத்திகிரிக்குள்ள காய் வாங்கப் போறதெல்லாம் வண்டி ஓட்டறதாயிடுமா? மொதல்ல கடல் வரைக்கும் ஓட்டிட்டு வா. அப்பறம் வேனைப் பத்திப் பேசலாம்" என்றீர்கள். கேலிக்குத்தான் சொன்னீர்கள். ஆனால் அம்மா போனை வைத்ததும் என்னுடைய அட்லஸைக் கேட்டார்.

ஆகவே அப்பா, விடுமுறையில் நாங்கள் கடலுக்குப் போய்விட்டு வந்தோம். போகவும் வரவும் அம்மாதான் ஓட்டினார். பக்கத்து வீட்டுச் சாந்தம்மா ஆன்ட்டி, "ரெண்டு பொம்பளைங்க தனியா போகக்கூடாது" என்று சொல்லி, மூன்றாவது பொம்பளையாக ஏறிக்கொண்டார்.

விடியும்போது கிளம்பினோம். சூளகிரிக்குப் பக்கத்தில், போன வருடம் நீங்கள் ஓட்டி வரும்போது லாரி நம் காரை இடித்த இடம் சாலையின் அந்தப் பக்கம் தெரிந்தது. நான் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். சாந்தம்மா ஆன்ட்டி மஞ்சுநாத சாமியைக் கூப்பிட ஆரம்பித்தார். அம்மா வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "தண்ணி பாட்டில் எடு ப்ரியா" என்றார். அவ்வளவுதான்.

ஊத்தங்கரை, திருவண்ணாமலை, திண்டிவனம் என்று போய், மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். அந்தப் பெயரைக் கேட்டு, வழி முழுக்கக் கடல் கூடவே வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வராது. உப்பளம் வரும், சவுக்குத் தோப்பு வரும், திடீரென்று இரண்டு தென்னைக்கு நடுவில் நீலமாக ஒரு கீற்று தெரிந்து மறையும். ஒவ்வொரு கரைக்கும் சின்னத் தெருவில் திரும்பி இறங்கித் தேட வேண்டும். காற்றில் வாடை மாறும் இடத்தில் எல்லாம் அம்மா வண்டியைத் திருப்பினார்.

முதல் கரையிலேயே மானம் போனது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். "பேடா கண்ணு, வேணாம்! நொரை பாரு! கால் வெக்காத!" என்று சாந்தம்மா ஆன்ட்டி கன்னடமும் தமிழும் கலந்து அலறினார். அம்மாவும் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். நமக்கு நுரை என்றால் கெலவரப்பள்ளி அணையில் கம்பெனிக் கழிவு கலந்து பொங்குமே, மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்போமே, அதுதானே தெரியும்? மூன்று பேரும் துப்பட்டாவாலும் முந்தானையாலும் மூக்கை மூடிக்கொண்டு நின்றோம். கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "எந்த ஊரும்மா நீங்க? கடலுன்னா நொரைக்காம, கொடத்துத் தண்ணியாட்டம் சும்மாவா கெடக்கும்?" என்றார்.

அம்மாவும் சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தார், அப்பா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரைக்கும் நடந்து போனார். திரும்பி வந்து என்னிடம், "உங்கப்பாவும் இப்பிடித்தான். ஒரு எடத்துல பட்டத வச்சு எல்லா ரோட்டுக்கும் பயந்துக்கறாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்து ஆலம்பரைக் கோட்டை. இடிந்த செங்கல் சுவர், அதற்குப் பின்னால் அசையாத கழிமுகம், அதற்கும் அந்தப் பக்கம் கடல். மணல் அங்கே மாவு மாதிரி இருந்தது. அந்த மணலில்தான் முன் சக்கரம் புதைந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளே போனது. நாலு பேர் வந்து, "சாவியைக் குடுங்க மேடம், நாங்க எடுத்துத் தர்றோம்" என்றார்கள். அம்மா சாவியைத் தரவில்லை. "தள்ளறதுன்னா தள்ளுங்க. எடுக்கறது நான்" என்றார். மணலைக் கையால் பறித்து, சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டையைக் கொடுத்து, மெதுவாக எடுத்தார். ஒருவர், "எந்தக் கம்பெனி டிரைவர் நீங்க?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டேன்.

சதுரங்கப்பட்டினத்தில் மணல் பருமனாகக் காலைக் குத்தியது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் கூட்டம். சாந்தம்மா ஆன்ட்டி குதிரையில் ஏறிவிட்டு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். இரவு அங்கேயே லாட்ஜில் தங்கினோம். மறுநாள் கோவளம் வரை போய், காஞ்சிபுரம் வழியாக வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் அம்மா ஒரே தடவையில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். தெருவே பார்த்தது.

நாளை அம்மா வேலையில் சேர்கிறார். அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. உங்கள் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று தெரிவிக்கத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் ஏன் புனேக்கு மாற்றல் கேட்டுப் போனீர்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன், அப்பா. அந்த லாரியைப் பற்றி அம்மா இதுவரை உங்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

தீபாவளிக்கு வரும்போது பெங்களூரில் இறங்கி ஓசூர் பஸ்ஸைத் தேட வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் காரோடு நிற்போம். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். லாரி இடித்த அன்று அம்மாவுக்கு முறிந்தது இடது கை. இப்போது கியர் மாற்றுவது அந்தக் கைதான். வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும் மகள்,
மோகனப்ரியா