அப்பாவுக்குப் போட்ட மதிப்பெண்

மார்ச் 2

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். முதியோர் மாலை வகுப்பு டீச்சர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதியதில்லை. இந்த ஒரு பக்கத்துக்குக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆறு வரி எழுதி எழுதி அடித்தாயிற்று.

ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலையில் இத்தனை வருஷம் எண்ணை மட்டும் பார்த்து அழுத்தியவன், இப்போது பஸ் பலகை, மருந்துச் சீட்டு, சினிமா போஸ்டர் எதையும் விடுவதில்லை. சத்தமாகப் படிக்கிறேன். தெருவில் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

போன மாதம் நீ வரவில்லை. அதற்கு முந்தின மாதமும் வரவில்லை. திருத்த வேண்டிய கட்டுரை குவிந்து கிடக்கிறது என்றாய். கொடுத்துவைத்த பிள்ளைகள்.

இப்படிக்கு (கையெழுத்தும் நானே),
அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை வகுப்பு வாசலில் நின்றபடியே படித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

இங்கே நிலைமை சரியில்லை. கேட்டால் கட்டுரை எழுதிக் கொடுக்கிற ஏஐ எல்லோர் போனிலும் இருக்கிறது. பிள்ளைகள் அது எழுதியதை வாங்கி அப்படியே நீட்டுகிறார்கள். ஒரு பிழை இருக்காது, ஒரு ஆளும் இருக்கமாட்டார். அதனால் முறையை மாற்றிவிட்டேன். அடித்துத் திருத்திய தாள்களோடு ஒவ்வொருவரும் என் எதிரே உட்கார்ந்து, எதை அடித்தேன், ஏன் அடித்தேன் என்று சொல்ல வேண்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தான். ஆளுக்கு அரை மணி. ஞாயிற்றுக்கிழமையும் அதிலேயே போகிறது. ஒரு பெண் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகள்

மார்ச் 15

பாப்பாவுக்கு,

கோபம் இல்லை. பொறாமை. யாரோ பெற்ற பெண்ணின் தாளை மூன்று தடவை, என் கடிதத்தை வாசலில் நின்றபடி ஒரு தடவை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் மீன்கடைக்காரரிடம் சொன்னேன். "விடுங்கண்ணே, நம்ம எழுத்த மூணு தடவ படிச்சாத்தான் புரியும். ஒரே தடவையில புரிஞ்சிருக்குன்னா நீங்கதான் கெட்டிக்காரர்" என்றார். சிரித்தேன். ஆனாலும் வயிறு எரிகிறது.

என் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்பு. அந்தப் பெண்ணுக்குப் போட்டதைவிட ஒன்றாவது கூடப் போட வேண்டும்.

அப்பா

மார்ச் 22

அன்புள்ள அப்பா,

"மின்தூக்கி என்பது வாழ்வின் ஏற்ற இறக்கங்களுக்கு ஓர் அழகிய உருவகம்." லிஃப்டை நீங்கள் என்றைக்கு மின்தூக்கி என்றீர்கள்? கையெழுத்து உங்களுடையது. ஆனால் ஒரு அடித்தல்கூட இல்லை. முதல் கடிதத்தில் அடித்த ஆறு வரியையும் வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். ஆறிலும் ஒரே கேள்விதான் இருந்தது: எப்போது வருவாய்?

அப்பாவானாலும் விதி ஒன்றுதான். கட்டுரைக்கு சைபர் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எதிரே உட்கார வைத்துக் கேட்கவும் வேண்டும். ஏப்ரல் முதல் ஞாயிறு காலை, உங்கள் வீட்டில். அன்றைக்கு வேறு யாரையும் வரச் சொல்லவில்லை.

உங்கள் மகள்

மார்ச் 27

அன்பு மகள் பாப்பாவுக்கு,

எங்கள் வகுப்புக்கு வரும் தையல்கடை அம்மாவின் போன்தான். "என்ன வேணும்னு சொல்லுங்கய்யா, அதுவே எழுதிடும்" என்றார். பார்த்து எழுதினேன். அந்தப் பெண்ணை ஜெயிக்க வேண்டும் என்று ஒரு வேகம்.

பள்ளிக்கூடமே பார்க்காதவனுக்கு வாழ்க்கையில் முதல் மதிப்பெண்! சிவப்பு மையில் நல்ல உருண்டையாகப் போட்டிருக்கிறாய். வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன். மீன்கடைக்காரர் "காலேஜ் டீச்சரே போட்டதா?" என்று வாங்கி வாங்கிப் பார்த்தார். இப்போது அவருக்கு வயிறு எரிகிறது.

கட்டுரையைத் திரும்ப எழுதிவிட்டேன். இரண்டு பக்கம், பாதி அடித்தல். அனுப்பமாட்டேன். நேரில் வைத்துக்கொள்வோம். மேஜைக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டாயிற்று.

அந்தப் பெண்ணுக்கு அரை மணி என்றால் எனக்கு ஒரு மணி. நான் மெதுவாகச் சொல்கிறவன்.

அப்பா