அடைக்காமல் வைத்திருந்த பட்டாணிக் காய்கள்

அன்பு மகளுக்கு,

உன் உடம்பும் மாப்பிள்ளையின் உடம்பும் நல்லபடியாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. நாங்களும் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், ஆனால் இந்த வருஷம் நான் சொன்ன பொய்யே போதும், இன்னொன்று வேண்டாம் என்று கை நின்றுவிட்டது. உன் அம்மா வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், தடியில்லாமல் வாசல்வரை நடக்கிறாள். எனக்கு முழங்கால் பழையபடிதான். காலமெல்லாம் ஊரார் கட்டிடத்து லிஃப்டை ரிப்பேர் செய்தவன் குடியிருக்கிற கட்டிடத்தில் மூன்று நாளாக லிஃப்ட் ஓடவில்லை, இந்தத் தாள் வாங்கவே நாலு மாடி இறங்கி ஏறினேன். ஏன், போன் இல்லையா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் 'அப்பா, ஒரு மீட்டிங், அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

குளிர்காலத்தில் அம்மாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்தபோது நீ வரவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, தூரம் எனக்கும் தெரியும், வேலை என்றால் என்னவென்றும் தெரியும். போனில் முகத்தைக் காட்டி 'குளிர் விட்டதும் நம்ம கட்டிடத்துக் கூட்டத்துக்குக் கண்டிப்பா வர்றேம்மா, நீ பட்டாணிக் காயைக் கீறி மட்டும் வை, நான் வந்து அடைச்சுத் தர்றேன்' என்று சொன்னாய். சொன்னதோடு நீ மறந்திருப்பாய். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னால், இவள் 'நான் என்ன கைக்குழந்தையா' என்று அதை சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டாள். கடைக்குத் தோலோடு தின்கிற புதுப் பட்டாணிக் காய் வந்த நாளிலிருந்து தினம் ஒரு பை வாங்கி வரச் சொன்னாள். அவள் வேலை பார்த்த திரைச்சீலைக் கடையில் அத்தனை வருஷம் தையல் பிரித்த அந்தச் சின்னக் கத்தி இருக்கிறதே, நீ கல்யாணமாகிப் போகும்போது உன் பெட்டியிலும் ஒன்று வைத்துக் கொடுத்தாளே, அதை இடது கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். காய் வழுக்கும், கத்தி நழுவும், ஒரு காய் இரண்டாகப் போகும், இன்னொன்று முதுகுப் பக்கம் கிழியும். நான் 'விடு, நான் கீறித் தர்றேன்' என்று போனால் 'நீங்க ஸ்பானர் புடிச்ச கை, காயைக் கொன்னுடுவீங்க' என்று விரட்டினாள். கிழிந்த காயெல்லாம் வீணாகலாமா, காலையில் பட்டாணி, மதியம் பட்டாணி, ராத்திரி பட்டாணி. காய்கறிக் கடைக்காரன் என்னைப் பார்த்து 'வீட்ல ஆடு எதுவும் வளக்கறீங்களா சார்' என்று கேட்டான். ஆமாப்பா, ரெண்டு கிழட்டு ஆடு என்றேன். கடைசியில் இடது கை படிந்தது. ஒரு நாள் நேர்கோடாக ஒரு காயைக் கீறி, உள்ளே இருந்த பட்டாணி ஒன்றுகூடச் சிதறாமல் வாயைப் பிளந்து எனக்குக் காட்டினாள். அவள் கை விழுந்தபிறகு முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட்டத்தன்று கீழே பின்கட்டு முற்றத்தில் எல்லோரும் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். உனக்குத்தான் தெரியுமே, குளிர் போன சந்தோஷத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டு வரும், நம் வீட்டுத் தட்டு என்றைக்கும் அந்தப் பட்டாணிக் காய்தான். விடியும்போதே நார் உரித்து, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி காட்டி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அவள் ஒவ்வொன்றாகக் கீறித் தர, பச்சை மாறாமல் துண்டில் பரப்பி வைத்தோம். பாலாடைக்கட்டியை எலுமிச்சையும் மிளகும் வெங்காயத்தாளும் சேர்த்துக் குழைத்து ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. ஆனால் அடைக்க விடவில்லை. 'அடைச்சு வச்சா காய் தண்ணி விட்டுடும், பூரணம் வழுக்கிட்டு வெளிய வந்துடும், அவ வந்து சேரட்டும், பத்து நிமிஷ வேலை, அவளே அடைக்கறேன்னு சொல்லியிருக்கா' என்று ஒரே பிடிவாதம். கீழே எல்லாத் தட்டும் பாதி காலியாகிவிட்டது, நம் தட்டு மட்டும் வெறுமனே பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. அவளும் முற்றத்தில் நாற்காலி போட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். யார் கேட்டாலும் 'பொண்ணு வந்துட்டிருக்கா, ஃபிளைட் லேட்டு போலிருக்கு' என்பாள். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

அப்போதுதான் என் போனுக்கு உன் செய்தி வந்தது. 'லீவு கிடைக்கலப்பா, கடைசிவரைக்கும் முயற்சி பண்ணேன், அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.' பக்குவமாம்! லீவு கிடைக்காதது உனக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததா? விமானம் ஏறியிருக்க வேண்டியவள், இறங்க வேண்டிய நேரத்தில் ஏறவே இல்லை என்று சொல்கிறாய். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் நான் திருடன் மாதிரி நின்றேன். லீவு இல்லை என்று சொன்னால் அத்தனை பேர் முன்னால் அவள் உடைந்துபோவாள், வானிலைமேல் பழியைப் போட்டால் திட்டுவதற்கு ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டேன். அப்படி வாய் கூசாமல் ஒரு பொய்யை ஜோடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தால் அவளைக் காணோம், லிஃப்டில் மேலே போய்விட்டாளாம். லிஃப்ட் இறங்கி வரக் காத்திராமல் படியேறினேன். சமையலறையில் நின்றுகொண்டு ஃபிரிட்ஜிலிருந்து பூரணக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க, நடுவில் விமானம் மாறுகிற ஊரில் புயலாம், ரத்தாகிவிட்டதாம், பிள்ளை அங்கேயே மாட்டிக்கொண்டாளாம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். 'ஐயோ பாவம், எந்த நாற்காலியில சுருண்டு படுத்திருக்காளோ' என்றாள். 'வாங்க, கூம்பைப் புடிங்க, நாமளே அடைச்சிடலாம்' என்றாள். பூரணம் நிரப்பிய காகிதக் கூம்பை நான் பிடிக்க அவள் இடது கையால் அழுத்த, பாதி காயில் போனது, பாதி என் சட்டையில் போனது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ஆஹா ஓஹோ என்றார்கள். கொஞ்சம் காயை ஒரு டப்பாவில் எடுத்து 'நாளைக்கு வந்தா சாப்பிடுவா' என்று மூடி வைத்தாள். அடுத்த நாள் அது நீர்விட்டுக் கொழகொழவென்று ஆகிவிட்டது, ஆனாலும் கொட்ட விடவில்லை, நான்தான் அவள் தூங்கும்போது கொட்டினேன். மகள் புயலில் சிக்கித் தன் வீட்டுக்கே திரும்பிவிட்டாள் என்று அதற்கு மேல் இன்னொரு பொய்.

இவ்வளவோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ரெண்டு நாள் கழித்து போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை போட்டிருந்த படங்கள் வந்தன. உங்கள் வீட்டு வரவேற்பறை, ஜன்னலெல்லாம் திறந்து, ஜாடியில் மஞ்சள் பூ, கையில் கண்ணாடிக் குவளையோடு உன் ஆபீஸ் ஆட்கள். உன் மேலாளர் நடுவில் நிற்கிறார். 'வசந்த விருந்து, மனைவியின் கைவண்ணம்' என்று மாப்பிள்ளை வேறு எழுதியிருக்கிறார், அவரைக் குறை சொல்லவில்லை, அந்த மனுஷனுக்கு நீ எங்களிடம் என்ன சொன்னாய் என்று எங்கே தெரியப்போகிறது. தேதியைப் பார்த்தேன். நம் கட்டிடத்துக் கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம். நீ விருந்தை முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி, மேலாளரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டால்தான் மேலே போக முடியும் என்றால் போடு, நானும் இன்ஜினியருக்கு டீ வாங்கிக் கொடுத்தவன்தான். வாயைத் திறந்து 'அப்பா, எனக்கு இது முக்கியம், இந்த வருஷம் வர முடியாது' என்று ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் நான் இரண்டு நாள் கத்திவிட்டு அடங்கியிருப்பேன். என் வயிறு எரிவது அதற்கில்லை. அந்தப் படத்தில் மேஜை நடுவில் இருக்கிற தட்டு. வட்டமாக அடுக்கிய பட்டாணிக் காய், உள்ளே வெள்ளைப் பூரணம், மேலே வெங்காயத்தாள் தூவல். உங்கள் ஊரில் வேறு தின்பண்டமே கிடைக்கவில்லையா? வறுவல் பொட்டலம் பிரித்துக் கொட்டியிருக்கக் கூடாதா? உன் அம்மாவை அப்படி வாசலைப் பார்த்து உட்கார வைக்கப்போகிறவள் அவள் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டாயே, அதற்கு எப்படி மனசு வந்தது உனக்கு? எத்தனை சமாதானம் சொல்லிப் பார்த்தாலும் எனக்கு அது செரிக்கவில்லை. அவள் கண்ணில் படக்கூடாது என்று போனை அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவள் 'உங்களுக்கே ரிப்பேர் பண்ண வராத சாமானா' என்று மட்டும் கேட்டாள்.

நேற்று நான் இந்தத் தாளை எடுத்து உட்கார்ந்ததும் எதிரில் வந்து உட்கார்ந்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. 'நான் சொல்றதையும் ரெண்டு வரி எழுதுங்க' என்றாள். சரி, உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு என்று ஏதோ சொல்லப்போகிறாள் என்று பேனாவை எடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'கீறல் நல்லா நேரா விழுந்திருக்கு, கத்தியை மறக்கல. ஆனா ஐஸ் தண்ணியிலேர்ந்து எடுத்துத் துடைக்காமலே அடைச்சிருக்கா, தட்டு ஓரமெல்லாம் தண்ணி நிக்குது. ஒவ்வொரு காயையும் உள்ளயும் துணியை விட்டு ஒத்தி எடுக்கணும். பூரணத்துல எலுமிச்சையும் கூடிப்போச்சு போல, அதான் இளகியிருக்கு.' பேனாவைக் கீழே வைத்தேன். எந்தத் தட்டைச் சொல்கிறாள்? போன் அலமாரியில் இருக்கிறது, நான் பார்த்துப் பார்த்து ஒளித்து வைத்தது. கேட்டேன். திரைச்சீலைக் கடைக்கார அம்மா கூட்டத்தன்று முற்றத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பாவம் அவள் நல்ல மனசோடுதான், 'உங்க பொண்ணும் அங்க இதையே பண்ணி ஜமாய்ச்சிருக்கா பாருங்க' என்று தன் போனை நீட்டினாளாம். நான் மாடிப்படித் திருப்பத்தில் நின்று பொய் ஜோடித்துக்கொண்டிருந்த அதே நேரம்.

அதனால்தான் பூரணத்தை வெளியே எடுத்திருக்கிறாள். நீ வராமல் அடைக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தவள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தாள், நான்தான் மரமண்டை, ஜனங்களுக்குப் பசிக்கிறது என்று எடுத்தாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் புயலைக் கேட்டுக்கொண்டாள், உனக்காக ஐயோ பாவம் என்றாள், டப்பாவில் காய் எடுத்து வைத்தாள், எல்லாம் நான் சங்கடப்படக் கூடாது என்று. உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டட்டும் என்று நான் கிளறிக்கூடப் பார்த்தேன், 'விடுங்க' என்றுவிட்டாள். அதனால் அவளுக்கும் சேர்த்து நான் திட்டியிருக்கிறேன், வாங்கிக்கொள். நீ செய்தது அநியாயம். எத்தனை பூசி மெழுகினாலும் அது அநியாயம்தான்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இதற்காக அவரோடு சண்டை போடாதே, இது நம் மூன்று பேர் சமாச்சாரம். வெறும் வயிற்றில் காபி குடிக்கிற பழக்கத்தை விடு. பதவி உயர்வு கிடைத்தால் எழுது, கோபமாக இருந்தாலும் சந்தோஷப்படத்தான் செய்வேன், நன்றாக இரு, எந்தக் குறையும் இல்லாமல் இரு, பெற்ற வாய் வேறு எதையும் சொல்லாது. முடிக்கும்போது, அடுத்த வருஷமாவது வரச் சொல்லி எழுதட்டுமா என்று உன் அம்மாவைக் கேட்டேன். கத்தியைத் துடைத்து இழுப்பறையில் வைத்துக்கொண்டே, 'வரச் சொல்லியெல்லாம் எழுத வேணாம். வர்றேன்னு மட்டும் சொல்ல வேணாம்னு எழுதுங்க' என்றாள்.

எழுதிவிட்டேன்.

உன் அப்பா