இரண்டு பொட்டலம்

அட்டுவம்பட்டி,
ஜூன் 2021, ஞாயிறு.

அன்புள்ள ஷர்மிளாவுக்கு,

இங்கே நானும் பாப்பாவும் சௌகரியமாக இருக்கிறோம். உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிவிடுவாய். அதனால் கேட்கவில்லை. இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், எவ்வளவு நேரம் தூங்கினாய், அதை மட்டும் பொய்யில்லாமல் சொல்.

வாட்ஸாப் இருக்கும்போது எதற்கு இந்தக் காகிதம் என்று சிரிக்காதே. போனில் பேசினால் நீ அழ ஆரம்பிக்கிறாய், உடனே நான் ஏதாவது கோமாளித்தனம் பண்ணிச் சிரிக்க வைத்துவிடுகிறேன், பேச வேண்டியது அப்படியே கிடக்கிறது. எழுதினால் இடையில் யாரும் அழ முடியாது. முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். வார்டிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்து, கவச உடையைக் கழற்றிப் போட்டு, குளித்துவிட்டு நிதானமாகப் படி.

கொடைக்கானலே காலியாகக் கிடக்கிறது. ஏரிக்கரைக் குதிரைகள் ரோட்டில் தம் போக்கில் மேய்கின்றன. வேனில் சீட்டைக் கழற்றிவிட்டு கேரட்டும் பீன்ஸும் ஏற்றிப் பழனிக்கு இறக்குகிறேன். டூரிஸ்ட்டை விட இவை எவ்வளவோ மேல். ஜன்னல் சீட் கேட்டுச் சண்டை இல்லை, கொண்டை ஊசி வளைவில் வாந்தியும் இல்லை. நான் லோடுக்குப் போகிற நாளில் அமிர்தவல்லி அக்கா வந்து பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். பாப்பா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நர்ஸம்மாவாகிவிட்டாள். கை கழுவாமல் என்னை வீட்டுக்குள் விடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அயர்லாந்து வேலைக்கு இந்த வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். போனால் இரண்டு வருஷம். நடுவில் மறுபடி விமானம் நின்றுவிட்டால் எந்த அவசரத்துக்கும் வர முடியாது. எனக்கு இருக்கும் பயம் என்னவென்று உனக்குத் தெரியும். நம்ம சிவமுருகனின் அப்பா இறந்தபோது அவன் அண்ணன் கத்தாரில் மாட்டிக்கொண்டான். சுடுகாட்டில் வீடியோ காலில்தான் அப்பாவைப் பார்த்தான். அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். படம் ஆடுது பாலா, கொஞ்சம் ஆடாமப் பிடி என்று அவன் அங்கிருந்து கெஞ்சினான். அதற்குப் பிறகு வீடியோ கால் மணி அடித்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

போன வாரம் நீ சொன்னாய், அப்பாகிட்டச் சொல்லி பழனி மலையடிவாரத்துல பூப்போட்டுக் கேளுங்க, வெள்ளை வந்தா போறேன், சிவப்பு வந்தா இருந்துடறேன் என்று. சரி என்றேன். உன் அப்பா சம்மதிப்பார் என்றே நான் நினைக்கவில்லை. ஊரே இழுத்துப் பூட்டிக் கெடக்கு, இப்பப் போயி ஏரோப்ளேன் ஏறணுமா இவளுக்கு என்று இரண்டு மாதமாக என்னிடம் கத்திக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

நேற்று லோடை இறக்கிவிட்டு மாமாவின் கடைக்குப் போனேன். பஞ்சாமிர்தக் கடைகள் எல்லாம் வரிசையாக ஷட்டர் போட்டுக் கிடக்கின்றன. அடிவாரத்தில் இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. மலைக்கு ஏற விடுவதில்லை, படிக்கட்டுப் பக்கமே தடுப்பு வைத்திருக்கிறார்கள். தடுப்புக்கு வெளியே ரோட்டிலேயே மாமா சூடம் ஏற்றினார். வாழையிலைத் துண்டில் கட்டிய இரண்டு பொட்டலத்தையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். குலுக்கிப் போட்டுவிட்டு, எடுங்க மாப்ள என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு, சிவப்பு சிவப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே எடுத்தேன். இது உனக்குத் தெரிய வேண்டும்.

வெள்ளை வந்தது. நந்தியாவட்டை.

மாமா கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தை அவசரமாக எடுத்து மடியில் செருகினார். செருகிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. குடுங்க மாமா என்று கையை நீட்டினேன். முடியாது என்றார். கிட்டத்தட்டப் பிடுங்கித்தான் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை.

ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சொன்னார். அவ ராத்திரி பகலா அந்த வார்டுலதான் கெடக்கா மாப்ள. இங்க இருந்தா மட்டும் நோவு விட்டுருமா. போகணும்னு எத்தனை வருசமாப் படிச்சா, எனக்குத் தெரியாதா. ஆனா நான் போன்னு சொல்லி, நாளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, அப்பன் அனுப்பிட்டான்னு ஆயிரும். என்னால தாங்க முடியாது. முருகன் அனுப்பினான்னு இருக்கட்டும் என்றார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றுதான் சொன்னேன். ஆனாலும் உன்னிடம் மறைக்க முடியவில்லை. நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

கொடைக்கானல் ஏறி வருகிற வழியெல்லாம் அவர் மேல் கோபமாக வந்தது. பாதி மலையில் வண்டியை ஓரங்கட்டி நின்றபோது கோபம் என் பக்கம் திரும்பியது. அவர் முருகனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். சிவப்பு வந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நான் தயாராக நின்றேன். நீயும் லேசுப்பட்டவள் இல்லை. வார்டில் யாருக்கு எந்த மருந்து என்று பூப்போட்டா பார்க்கிறாய்? உனக்கும் பயம். பயப்படுவதில் தப்பே இல்லை, ஷர்மிளா. ஆனால் பூ எதுவும் சொல்லவில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே என் பங்குக்கு நான் சொல்லிவிடுகிறேன். நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. பாப்பா தூங்கியபிறகு இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை, இன்னும் இரண்டு வருஷம் எப்படி ஓட்டுவேன் என்று தெரியவில்லை. இத்தனையும் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். உனக்குப் போக வேண்டும் என்று இருந்தால் போ. உன் மனசுக்கு வேண்டாம் என்று பட்டால் இரு, அதற்கும் நான் சந்தோஷப்படுவேன், கொஞ்சம் அதிகமாகவே. எனக்காக நிற்க வேண்டாம், அப்பாவுக்காகப் போகவும் வேண்டாம்.

நாளைக்கு யாராவது, இந்த நேரத்தில் இவளை யார் போகச் சொன்னது என்று கேட்டால், அப்பாவைக் காட்டாதே, முருகனையும் இழுக்காதே. என் புருஷன் சொன்னான் என்று சொல். அந்தப் பேச்சை நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் என்னை அப்படி ஒரு பேச்சு வாங்க வைத்துவிடாதே, கண்ணு. நல்லபடியாகப் போய், நல்லபடியாக வந்து சேர். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

என்றும் உன்,
பாலகுமார்