அவளே சொல்லுவா

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "பேசப் பழகறதுக்கும் சேர்ந்து வேலை செய்யறதுக்கும் தனியா ஒரு பீரியடா டீச்சர்? கணக்குக்குக் கொடுத்துடுங்க" என்றார். முடியாது என்றேன். வந்து பார்க்கிறேன் என்றார்.

நேற்று ஏழாம் வகுப்புக்கு வந்தே விட்டார். தங்கள் குழு செய்த வேலையைப் பற்றி ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் திக்குவாய். முன்பெல்லாம் அவள் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கும். நேற்று ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டபோது எல்லோரும் பேசாமல் காத்திருந்தார்கள். தலைமையாசிரியருக்குத்தான் பொறுக்கவில்லை, அவரே அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தார்.

ஒரு காலத்தில் அவளைப் போலவே திக்கிக் காட்டிச் சிரிக்க வைத்த வாலு ஒருத்தி எழுந்து, "சார், அவளே சொல்லுவா. கொஞ்சம் இருங்க" என்றாள்.

அவர் என்னை முறைத்தார். நான் அவளை உட்காரச் சொல்லவில்லை. அந்தப் பெண் தானே சொல்லி முடித்தாள்.

அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. பீரியடைப் பிடுங்கினால் சாப்பாட்டு இடைவேளையில் நடத்துவேன். கவலைப்படாதீர்கள், பிடிவாதம் உங்களிடமிருந்து வந்ததுதானே.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இரண்டு வார்த்தையோடு அவளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

மணி அடித்துவிட்டது. இன்றைக்கு இந்த பீரியடு என்னுடையதுதான், ஓடுகிறேன்.

உங்கள் மகள்