பக்கியின் பின்சக்கரங்கள்

பட்டாபிராம்,
12.7.1993

மதிப்பிற்குரிய நர்ஸ் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் வேலைக்கு நடுவில் இதைப் படிக்க வைப்பதற்கும் சேர்த்துத்தான்.

என் பெயர் வனஜா. மணலில் நோயாளிகளை ஏற்றிப் போகிற உங்கள் வண்டியைச் செய்த மண்ணூர்பேட்டைப் பட்டறையில் டிராயிங் போடுகிறேன். போன வருஷம் பி.இ. முடித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான்தான் முதல். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நினைக்கிறார்கள். பட்டறையில் அப்படி நினைப்பதில்லை.

செயின் அறுந்த உங்கள் வண்டி போன வாரம் லாரியில் வந்து இறங்கியது. பின்பக்கம் முழுவதையும் மாற்றிப் புதிதாக வரையச் சொல்லி முதலாளி கலியமூர்த்தி சார் என்னிடம் கொடுத்திருக்கிறார். இந்த மழைக்காலத்திலும் மணலில் நின்றுபோனால் வண்டியை விற்றுவிடப் போவதாக உங்கள் ஆஸ்பத்திரி டிரஸ்டில் சொல்லிவிட்டார்களாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பென்சில் ஓடவில்லை.

அந்த வண்டி மணலில் ஓடி நான் பார்த்ததில்லை. எங்கே இடிக்கிறது, எப்போது அறுகிறது என்று கேட்டால், "ஸ்ட்ராங்கா போடும்மா, அவ்ளோதான்" என்கிறார் முதலாளி. ஓட்டுகிறவர் நீங்கள். நீங்கள் சொன்னால் எனக்குப் புரியும். பதிலுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் உள்ளே வைத்திருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

பணிவுடன்,
வனஜா


மணல்மேட்டுக்குப்பம்,
பழவேற்காடு வழி
21.7.1993

அன்புள்ள வனஜாவுக்கு,

நசீம் பானு எழுதுவது. நலம், உன் நலத்துக்கும் துஆ செய்கிறேன். முதலில் ஒன்று. அம்மா என்று எழுதி எனக்கு வயசைக் கூட்டாதே. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. காட்டுப்பாக்கத்தில் என் உம்மாவே என் கல்யாணத்துக்காக வயசைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீ பாட்டுக்குக் கெடுத்துவிடாதே.

வண்டியைப் பற்றி இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. டிரஸ்ட்காரர் கேட்பது எத்தனை லிட்டர் பெட்ரோல் என்று மட்டும்தான். இந்த மாதிரி வண்டிக்கு இங்கிலீஷில் 'பக்கி' என்று பெயர் என உங்கள் ஆட்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். குப்பத்தில் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "எவ்ளோ ஊத்தினாலும் குடிக்குதே, பேரு சரியாத்தான் வச்சிக்கிறாங்கோ" என்றாள் மீன் விற்கும் பொன்னியம்மா.

இனி நீ கேட்டது. பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சில். ஒன்று மேட்டில் ஏறினால் மற்றது அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் படுத்து வருகிற கர்ப்பிணிக்கு அப்போது இடுப்பில் விழுகிற அடி இருக்கிறதே, முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கே முதுகில் தெரியும். செயினில் மணல் ஏறி முதலில் நறநற என்னும். இறங்கித் துடைத்தால் பிழைத்தோம். வலி எடுத்தவளை வைத்துக்கொண்டு எங்கே இறங்குவது? அப்படியே ஓட்டுவேன், அறுந்துவிடும். அப்புறம் வலைத்துணியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். வண்டி வருவதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான். வண்டி போய்விட்டால் மறுபடியும் அதுதான்.

கேட்டதற்கு ரொம்ப நன்றி கண்ணு. ஸ்ட்ராங் வேண்டாம். மெத்தென்று போடு.

அன்புடன்,
நசீம் பானு


பட்டாபிராம்,
5.9.1993

அன்புள்ள நசீம் அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம் இல்லையா? உங்கள் கடிதத்தை டிராயிங் போர்டின் மூலையில் கிளிப் போட்டு வைத்துக்கொண்டுதான் வரைந்தேன். 'மெத்தென்று' என்ற சொல்லை எங்கள் பாடப் புத்தகத்தில் எங்கேயும் போட்டிருக்கவில்லை. ஆனால் அதை வைத்துத்தான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தேன். நன்றி அக்கா.

இப்போது பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் அதைத் தாங்கி ஏறி இறங்கும் தனித்தனி இரும்புக் கை, தனி ஸ்பிரிங், தனி ஷாக் அப்சார்பர். ஒன்று ஏறினாலும் மற்றது மண்ணை விடாது. செயினே இல்லை. விபத்தில் நசுங்கிய ஒரு மாருதியின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் புதுப்பேட்டையில் வாங்கிப் பின்னால் வைத்திருக்கிறோம். அதிலிருந்து இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு ஷாஃப்ட் போகிறது. ஜாயின்ட்டுகளுக்கு மணல் புகாத ரப்பர் உறை போட்டாயிற்று.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. பட்டறைக்குள் பெண்கள் இறங்கக் கூடாது என்பது எங்கள் முதலாளியின் வழக்கம். எதுவானாலும் கண்ணாடி அறை ஜன்னல் வழியாகத்தான் சொல்வேன். எஞ்சினை ஒரு தடவை வைத்து அளவு பார்த்துவிட்டு, வெல்டிங்குக்காக இறக்கியிருந்தார்கள். வெல்டிங் முடிந்ததும் மெக்கானிக் எத்திராஜ் அண்ணனிடம், "எஞ்சினைத் திருப்பிப் போட்டுடுங்கண்ணே" என்றேன். பழையபடி மாட்டச் சொன்னேன். கிரைண்டர் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததும் அதே வார்த்தைதான். ஆனால் அவர் எஞ்சினை முன்பின்னாகத் திருப்பி, அதற்குத் தோதாகத் தாங்கிகளையும் புதிதாக வெட்டிப் பொருத்திவிட்டார்.

முதலாளி ஏறி முதல் கியர் போட்டார். வண்டி பின்னால் போய்க் காம்பவுண்டுச் சுவரில் முட்டியது. இரண்டாவது கியர் போட்டிருந்தால் இன்னும் வேகமாக முட்டியிருக்கும். நாலு கியரும் பின்னுக்கு, ரிவர்ஸ் மட்டும் முன்னுக்கு.

"இன்னாய்யா இது? ஆஸ்பத்திரிக்கு முதுகக் காட்டிக்கினு போவச் சொல்றியா?" என்று முதலாளி கத்தினார்.

"மேடம்தான் திருப்பிப் போடச் சொன்னாங்கோ. நானும் யோசிச்சேன், இன்னாத்துக்குன்னு. பின்னால வெயிட்டு வந்தா மணல்ல நல்லா புடிக்கும் போலன்னு உட்டுட்டேன்" என்றார் எத்திராஜ் அண்ணன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அறையைவிட்டு இறங்கிப் போய் வண்டிப் பக்கத்தில் நின்று, "மறுபடியும் மாட்டுங்கன்னுதான் சொன்னேன். முகத்தை மாத்தச் சொல்லலை" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை. எத்திராஜ் அண்ணன்தான் முதலில் சிரித்தார். "இனிமே நீயே பக்கத்துல நின்னு சொல்லும்மா, என்னால இன்னொரு செவுரு கட்ட முடியாது" என்றார் முதலாளி. இப்போது நான் தினமும் பட்டறைக்குள்தான் இருக்கிறேன்.

எஞ்சினைச் சரியான பக்கம் பார்க்க மாட்டியாயிற்று. வண்டி புதன்கிழமை லாரி ஏறுகிறது. ஓட்டிப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
வனஜா


மணல்மேட்டுக்குப்பம்
20.9.1993

அன்புத் தங்கை வனஜாவுக்கு,

திருப்பிப் போட்ட கதையைப் பொன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய். முதலில் நல்லது. அல்லாஹ் உன் கையை நன்றாக வைக்கட்டும். பின்னால் ஒரு பாட்டியம்மாவைப் படுக்க வைத்துக் கூட்டிப் போனேன், தூங்கிவிட்டார். அந்த வண்டியில் ஒருவர் தூங்கி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நறநறப்பும் இல்லை.

அடுத்ததை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. கழிமுகத்துப் பக்கம் மணல் பொடிப்பொடியாக இருக்கும். அங்கே வலது சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றிக் குழி தோண்டுகிறது. இடது சக்கரம் எனக்கென்ன என்று சும்மா நிற்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் வலதுதான் சுற்றுகிறது. பழைய வண்டியில் செயின் அறுகிறவரைக்குமாவது இரண்டும் சேர்ந்து சுற்றும். தள்ள வந்த பொன்னியம்மா, "நர்சம்மா, இத்தத் தள்றதுக்கு உன்னத் தூக்கிக்கினு போயிடலாம், நீ வெயிட்டு கம்மி" என்றாள்.

அடுத்த மாசக் கடைசியில் டிரஸ்ட் மேனேஜர் வந்து கூடவே உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். அன்றைக்கு நின்றால் விற்பதுதான் முடிவு. நீ மனசு உடைந்துவிடாதே. பாதி கிணறு தாண்டிவிட்டோம் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் பாதியில் என்ன ஆகும் என்றும் தெரியும்.

அன்புடன்,
அக்கா நசீம் பானு


பட்டாபிராம்,
9.10.1993

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. "இன்னாத்துக்குப் பொண்ணு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீது?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார். கூட்ஸ் ரயில் நிற்கும் சைடிங்கில் நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவரிடம் மணலைப் பற்றி என்னவென்று சொல்வது?

குறை என் வரைபடத்தில்தான் இருந்தது. காரின் கியர்பாக்ஸில் எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதுதான் சுற்றும். தார் ரோட்டில் வளைவதற்கு அது வேண்டும். மணலில் அதுவே எதிரி. எனக்குத் தெரிந்த பாடம்தான். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். மணலை நினைத்து அதைப் படிக்கவில்லை.

வழி, வேலைக்குப் போகிற ரயிலில் கிடைத்தது. இந்துக் கல்லூரி ஸ்டேஷனுக்கு முன்னால் சேற்று வயலில் ஒரு டிராக்டர் ஒரே இடத்தில் நின்று திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பின் சக்கரம் அசையவில்லை, மற்றது மட்டும் சுற்றியது. டிராக்டரில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக். சும்மா சுற்றுகிற சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் பலம் மற்ற சக்கரத்துக்குப் போயாக வேண்டும்.

முதலாளியிடம் நேராகப் போய்ச் சொன்னேன். "வண்டிய நிறுத்தறதுக்குத்தாம்மா பிரேக்கு. நவுத்தறதுக்கு பிரேக்கு கேக்கற மொத ஆளு நீதான்" என்றார். பிறகு உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தார். பாட்டியம்மா தூங்கிய வரியை மறுபடியும் படித்தார். "செஞ்சி அனுப்பு" என்றார்.

எத்திராஜ் அண்ணன் இந்தக் கடிதத்தோடு வருகிறார். உங்கள் சீட்டுக்கு அருகில் இரண்டு கைப்பிடிகள் பொருத்துவார். வலது சக்கரம் சுற்றினால் வலது கைப்பிடியை மெதுவாக இழுங்கள். கியரை விடாதீர்கள். நகர ஆரம்பித்ததும் கைப்பிடியை விட்டுவிடுங்கள். பயப்படாமல் பழகுங்கள் அக்கா. நான்தான் இங்கே பயந்துகொண்டிருக்கிறேன்.

வனஜா


மணல்மேட்டுக்குப்பம்
4.11.1993

என் அருமைத் தங்கச்சி,

மேனேஜர் வந்த அன்றைக்குத்தான் வானம் திறந்துகொண்டது. அவர் குடையோடு ஏறி உட்காரவும் தாயம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் ஓடி வரவும் சரியாக இருந்தது. அவளையும் பொன்னியம்மாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கழிமுகத்தில் வலது சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

மேனேஜர் நல்ல மனுஷர். "நான் இறங்கித் தள்றேன்மா" என்று பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். அவர் கை வைப்பதற்குள் நான் கைப்பிடியை இழுத்துவிட்டேன். இடது சக்கரம் மணலைப் பற்றிக்கொண்டது. வண்டி எழும்பிப் போயே போய்விட்டது. நிறுத்தினால் மறுபடியும் மாட்டும் என்று நான் நிறுத்தவில்லை. "சார் அங்கியே கீறாரு நர்சம்மா" என்றாள் பொன்னியம்மா. "இருக்கட்டும்" என்றேன்.

அவர் நனைந்துகொண்டே நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது தாயம்மாள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். ஆண் குழந்தை, நல்ல எடை. மேனேஜர் துண்டால் தலையைத் துவட்டியபடி என்னைப் பார்த்தார். வேலையே போயிற்று என்று நினைத்தேன். "வண்டி இங்கதான் இருக்கும். வடக்குக் குப்பங்களுக்கு இன்னும் ரெண்டு வேணும்னு இன்னைக்கே எழுதறேன்" என்றார்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது? தாயம்மாள் உன்னைக் கேட்டாள். "வண்டி செஞ்ச பொண்ணு" என்றுதான் இங்கே உனக்குப் பெயர்.

என்றும் அன்புடன்,
அக்கா


பட்டாபிராம்,
14.11.1993

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மேனேஜர் நின்ற இடம் வந்ததும் எத்திராஜ் அண்ணன் சிரித்த சிரிப்பில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். வீட்டில் அப்பாவுக்கும் படித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கொயந்த நல்லா கீதா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

நன்றி நான்தான் சொல்ல வேண்டும் அக்கா. நீங்கள் பதில் போடாமல் இருந்திருந்தால் பழைய ஆக்சிலையே தடியாக வரைந்து கொடுத்திருப்பேன். எல்லோரும் ஸ்ட்ராங்காக இருக்கிறது என்று பாராட்டியிருப்பார்கள். வலது சக்கரம் சுற்றுவதை மறைத்து, நன்றாக ஓடுகிறது என்று நீங்கள் எழுதியிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். நீங்கள் அப்படி எழுதவில்லை.

இரண்டு வண்டிக்கும் ஆர்டர் வந்துவிட்டது. பின் கைகளைக் கொஞ்சம் நீளமாக்கி வரைந்துகொண்டிருக்கிறேன். இன்னும் மெத்தென்று இருக்கும். பொன்னியம்மாவுக்கும் தாயம்மாளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் உம்மாவைக் காட்டுப்பாக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வயசைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. எழுதலாமா என்று இந்தத் தாளை மடித்து மடித்துப் பிரித்துவிட்டேன்.

புது வண்டிகளைத் தை மாசம் டிரஸ்ட்காரர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். எத்திராஜ் அண்ணன் ஓட்டுவார் என்று நினைத்திருந்தேன். "வரைஞ்சது நீ, நீயே ஓட்டிக் காட்டு" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது அக்கா. சைக்கிள்கூட வராது. பட்டறையில் யாருக்கும் இது தெரியாது.

வருகிற டிசம்பர் லீவில் நான் அங்கே வந்தால், அந்த மணலில் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருவீர்களா?

உங்கள் தங்கை,
வனஜா